வெறுமனே திருப்பித் தராத கடல்

நங்கூரத் தெருவுக்குக் கடல் திருப்பிக் கொடுத்த முதல் கவர் கொரற்றி அக்கா வீட்டு நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவள் வீட்டுக் கவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்த கடையின் பெயர் பாதி அழிந்துபோன ரோஸ் நிறக் கவர். போன மழைக்காலத்தில் மீன் செதிலையும் முட்டை ஓட்டையும் போட்டுக் கட்டி, தெருவுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் அவளே வீசியெறிந்தது. ஓடை எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்துக்குப் போய், உப்பில் ஊறி, வெயிலில் வெளுத்து, யாரோ பொறுப்பாக உள்ளும் புறமும் அலசினது போலச் சுத்தமாகி, வாய் முடிச்சிட்டு, உள்ளே உயிரோடு துள்ளுகிற இறாலோடு திரும்பி வந்திருந்தது.

கொரற்றி அக்கா விடிகாலையில் இடியாப்பம் அவித்து விற்கிறவள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரம் கிடையாது. இறாலைச் சட்டியில் கொட்டினாள், கவரை உதறிக் கொடியில் காயப்போட்டாள், அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏளா செலஸ்டினா, இங்க வா. நம்ம கவர கடல் திருப்பித் தந்திருக்கு பாரு.”

செலஸ்டினா தோளில் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “கடல்தான்னு எப்படிக்கா சொல்லுதிய?”

“பின்ன? இந்தத் தெருவுல எவ ஓசியில இறால் தருவா? கடைக்காரத் தொம்மை பொண்டாட்டி தருவாளா? அவ ஒரு கொத்து கருவேப்பிலைக்கே மூஞ்சிய மூணு முழம் நீட்டுவா.”

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து குழம்போ பணியாரமோ வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். கழுவித் துடைத்து, வீட்டில் இருப்பதில் எதையாவது, ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையையோ நாலு பச்சை மிளகாயையோ போட்டுத்தான் தருவார்கள். வெறும் பாத்திரம் வந்தால் அந்த வீட்டோடு சண்டை, இல்லாவிட்டால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். இத்தனை காலம் பக்கத்தில் குடியிருந்ததில் கடலும் இந்த மரியாதையைக் கற்றுக்கொண்டிருக்கும் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. தேடக்கூடிய ஆளான பங்குச் சாமியாரும் தேடவில்லை, ஏனென்றால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர் திரும்பியபோது, எப்போதோ மெழுகுதிரி வாங்கிவந்த கவர் ஒன்று நிறையச் சாளை மீனோடு அவர் குடியிருக்கிற பங்களா வாசலில் தொங்கியது, அதைச் சமையல்காரர் பொரித்தும்விட்டார்.

செலஸ்டினா இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவள். கடல் இல்லாத ஊரில், கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிக் கான்வென்டில் படித்தவள். எதற்கும் ஒரு விளக்கம் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தை நாம் படிக்காமல் விட்டதுதான் குறை என்று நம்பி வளர்ந்தவள். புருஷன் பெர்க்மான்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பிள்ளை ரெமிக்கு இப்போதுதான் தலை நின்றிருக்கிறது. தெருவில் யாருக்கும் தெரியாத பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. ரெமி அழுவதில்லை.

முன்பு அழுதவன்தான். அழுதான் என்றால் தெருக்கோடியில் தொம்மை அண்ணாச்சி கடையில் சாமான் வாங்க நிற்பவர்கள்கூட, “கிரேன்காரன் மகன் சங்கு ஊதுதான்” என்று சிரிப்பார்கள். இறால் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மழை விடாத, துணி காயாத ஒரு நாளில், மத்தியானத்திலிருந்து அவன் நிறுத்தாமல் அழுதுகொண்டேயிருக்க, செலஸ்டினா ஒரு கையில் அவனையும் மறு கையில் கறுப்புக் கவரையும் பிடித்துக்கொண்டு, அன்றைய டயாப்பர்களையும் பால் பாக்கெட்டையும் ரஸ்க் தாளையும், முந்தின இரவு பரோட்டாவுக்குச் சால்னா கட்டித் தந்த கவரையும் அதற்குள் திணித்துக்கொண்டிருந்தாள். குனிந்தபோது பிள்ளையின் வாய் கவரின் வாய்க்கு நேராக இருந்தது. அவன் அலறினான். அவள், பெற்றவள், அடிவயிற்றிலிருந்து, “போ, எங்கயாவது போய்த் தொலை” என்றாள். பிள்ளையைச் சொன்னாளா, அழுகையைச் சொன்னாளா, குப்பையைச் சொன்னாளா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. சொல்லிக்கொண்டே கவரின் வாயைத் திருகி முடிச்சுப் போட்டாள். வீடு சட்டென்று அமைதியானது. பிள்ளை தூங்கிவிட்டான் என்று நினைத்து, சேசுவுக்குத் தோத்திரம் சொல்லி, கவரை ஓடையில் விட்டெறிந்தாள். கவர் புடைக்க வேண்டியதைவிட அதிகமாகப் புடைத்திருந்ததையும், தண்ணீரில் விழுந்த பிறகு தானாக ஒரு தடவை அசைந்ததையும் அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து பசித்தாலும் அழவில்லை, நனைத்தாலும் அழவில்லை. தடுப்பூசி போட்டபோது வாய் முழுதாகத் திறந்தது, முகம் சிவந்தது, கண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டரம்மா தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்தார். “பிள்ளை அழுதுக்கிட்டே இருக்குன்னு வருவாங்க. அழலைன்னு வந்த முதல் ஆள் நீதாம்மா. போயி நிம்மதியாத் தூங்கு” என்றார்.

கூப்பிடத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு யார் தூங்குவார்கள்? அவள் அடுப்படியில் இருந்தால் அவன் பாயில் என்ன ஆகிறான் என்று தெரியாது. உலை வைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்பாள், அரிசியைக் களைந்துவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து தொட்டபோது அவன் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. எத்தனை நேரமாக அப்படிக் கிடந்தான், எத்தனை தடவை வாயைத் திறந்து மூடினான் என்று சொல்ல யாருமில்லை. சுரம் இறங்கிவிட்டது. அவளுக்கு உள்ளே ஏறின நடுக்கம் இறங்கவில்லை.

“நல்ல பிள்ளைய நல்ல பிள்ளைன்னு விடு” என்றான் பெர்க்மான்ஸ். “நாள் முழுக்க ஹாரன் சத்தம், இரும்புச் சத்தம். வீட்டுக்கு வந்தா ரெண்டு நிமிசம் அமைதியா இருக்கு. அதுவும் பொறுக்கலயா உனக்கு?”

கவர்கள் வந்தவண்ணம் இருந்தன. விடியும்போது ஒவ்வொரு நாதாங்கியிலும் அந்தந்த வீட்டுக் கவர், மாறாமல், பிசகாமல்: ஊறுகாய்க் கவர் ஊறுகாய் தின்ற வீட்டுக்கு, மாத்திரைக் கவர் நோயாளி வீட்டுக்கு, வெளியே காட்டாமல் வாங்கிய சரக்குக் கவர் அதை வாங்கியவன் வீட்டுக்கு, அதனால் அந்த வீட்டில் அன்று ஒரு பெரிய சண்டையும். முதலில் எல்லாவற்றிலும் மீன் இருந்தது. பிறகு மீன் அல்லாததும் வந்தது. தொம்மை அண்ணாச்சி கடைக்கு வந்த கவரில் ஒரு மத்தியான வெயில் மட்டும் இருந்தது. அதில் அவர் மிளகாய் வற்றல் காயவைத்துக்கொண்டார். ஒரு வீட்டுக் கவரை அவிழ்த்ததும் எந்தக் காலத்திலோ மூழ்கின தோணியின் மணி ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்ந்தது, அன்று முழுவதும் அந்த வீட்டில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஒருவனுடைய மனைவிக்கு, அவன் வாசல் திரும்பும்போது அடிக்கிற சீழ்க்கை வந்தது. அவள் அதை முழுதும் வெளியே விடாமல் அவசரமாக மறுபடி முடிச்சுப் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துக்கொண்டாள்.

சீழ்க்கை வந்த செய்தி கேட்டதும் செலஸ்டினாவுக்கு ஒன்று புரிந்தது. சத்தமும் வரும் என்றால் அவள் கறுப்புக் கவரும் வரும். சத்தம் என்பது அலை, அது போக ஒரு ஊடகம் வேண்டும் என்று சிஸ்டர் கரும்பலகையில் வளைந்து வளைந்து கோடு போட்டது நினைவுக்கு வந்தது. கவருக்குள் காற்று இருந்தது, கவர் தண்ணீரில் இருந்தது, அப்படியானால் அழுகை எங்கோ பத்திரமாக இருக்க வேண்டும்; ஆனால் போகப்போக அலை தேயும் என்றும் அதே சிஸ்டர் சொன்னாரே, அப்படியானால்? தினமும் விடியும் முன் கதவைத் திறந்தாள். அவள் வீட்டுக்கு நெத்திலி வந்தது. சங்கு வந்தது. ஒரு கவரில் கொஞ்சம் மழை. ஒரு கவரில் கப்பல் ஹாரன். அதைக் கேட்டு ரெமி சத்தமில்லாமல் சிரித்தான். கறுப்புக் கவர் வரவில்லை.

இந்த இடத்தில்தான் தெரு ஒரு தவறு செய்தது. வேறெந்தத் தெருவும் இப்படியொரு தவறைச் செய்திருக்காது.

“வந்த பாத்திரத்த அப்படியே வச்சுக்கிட்டா கடல் நம்மள என்ன நினைக்கும்?” என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

“நம்ம கவருதான?”

“இறாலப் போட்டுத் தந்த பெறகு அது கடலோட கவருளா. நாமதான் திருப்பணும்.”

“வெறுமனேயா?”

“சீ, வெறுமனே அனுப்ப நாம என்ன நாதியத்த வீடா?”

அன்றிலிருந்து தெருவே கடலுக்குப் பலகாரம் அனுப்பத் தொடங்கியது. கவரில் முறுக்கைப் போட்டுக் கட்டி ஓடையில் விட்டார்கள், சர்க்கரையைப் போட்டு விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை எலும்பில்லாமல் எடுத்துப் போட்டு விட்டார்கள். கொரற்றி அக்கா இடியாப்பத்தை ஒரு கவரிலும் தேங்காய்ப் பாலைத் தனிக் கவரிலும் கட்டி அனுப்பினாள். “உப்பத் தின்னு தின்னு அதுக்கு நாக்கு செத்திருக்கும், இனிப்பா அனுப்புங்களா” என்று ஊருக்கும் சொன்னாள். வந்த கவர் கிழிந்திருந்தால் புதுக் கவர், மெல்லிசாக இருந்தால் கனமான கவர், பக்கத்து வீட்டுக்காரி ஒன்று அனுப்பினால் நாம் இரண்டு. தொம்மை அண்ணாச்சி கடை வாசலில் கவர்க் கட்டுகளைத் தோரணமாகத் தொங்கவிட்டார். ஓடையில் தண்ணீர் தெரியவில்லை. கலர் கலராகக் கவர்களே நெருக்கியடித்துக்கொண்டு போயின, திருவிழா முடிந்து கலைகிற கூட்டம் போல. கடலும் விடாமல் பதில் மரியாதை செய்தது.

செலஸ்டினாவும் அனுப்பினாள். கட்டும்போது ஒவ்வொரு கவரின் காதிலும், “என் பிள்ளையோடது ஒண்ணு அங்க இருக்கு, கறுப்புக் கவரு” என்று சொல்லி அனுப்பினாள்.

பிறகு கடல் கொடுப்பது குறைந்தது. கை நிறைய வந்த இறால் ஒன்றிரண்டானது. பிறகு வெறும் கிளிஞ்சல். பிறகு பாசி. பிறகு மணல். ஒரு நாள் தெரு முழுவதற்கும் கவருக்குள் கவர் வந்தது. அவிழ்த்தால் உள்ளே ஒரு கவர், அதை அவிழ்த்தால் இன்னொன்று, வெங்காயம் உரிப்பது போல உரித்து உரித்துக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை. “என்ன இது, கேலி பண்ணுதா?” என்று கோபப்பட்டவர்களும் உண்டு. கொரற்றி அக்காதான் அவர்களை அதட்டினாள். “எல்லா வீட்லயும் மாசக் கடைசி இருக்கும்ல?”

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் நாதாங்கியில் அந்தப் பழைய ரோஸ் நிறக் கவரே மறுபடி தொங்கியது. கனமாக இருந்தது. அசைந்தது. அவிழ்த்தபோது உள்ளே உள்ளங்கை அளவில் ஓர் ஆமைக்குஞ்சு, வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கொரற்றி அக்கா அதைப் பிடித்து மெல்ல இழுத்தாள், வந்தது, இழுக்க இழுக்க வந்தது. தேங்காய்ப் பால் கட்டி அனுப்பிய கவர். முழுதும் வெளியே வருவதற்குள் குஞ்சு அவள் கையிலேயே கழுத்தைத் தொங்கவிட்டது.

அவள் இடியாப்ப உலையை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். தெரு கூடியது.

“என்ன காரியம் பண்ணிட்டோம் பாத்தியளா” என்றாள். “ஒண்ணுமில்லாத வீட்டுக்குப் பாத்திரத்த அனுப்பி அனுப்பி அசிங்கப்படுத்தியிருக்கோம். அதுக்கு வெறுமனே திருப்பித் தர மனசு வரல. போட்டுத் தர ஒண்ணும் இல்லன்னு பெத்த பிள்ளையப் போட்டுத் தந்திருக்கு.”

தொம்மை அண்ணாச்சி போய்த் தோரணத்தை அவிழ்த்து உள்ளே போட்டார்.

கடலுக்கு இனிமேல் பாத்திரம் அனுப்பக்கூடாது என்று தெரு முடிவெடுத்தது. அனுப்பாமலிருக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் கவர் வரக்கூடாது. இது தெரிந்ததும் எல்லோருக்கும் தலை சுற்றியது, ஏனென்றால் கவர் இல்லாமல் ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. முதல் வாரம் பெரிய கூத்து. எண்ணெய்க்குப் பாட்டில் கொண்டுபோனவள் மூடியை வீட்டில் விட்டுவிட்டு, கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டே நடந்து வந்தாள். பெர்க்மான்ஸ் பரோட்டாக் கடைக்கு வெறுங்கையோடு போய்விட்டு, வேறு வழி தெரியாமல் சால்னாவை ஹெல்மெட்டில் வாங்கி வந்தான். ஒரு மாதம் அவன் தலையில் பட்டை வாசம். கறிக்கடைக்குத் தூக்குவாளி, மீனுக்கு ஓலைப்பெட்டி, மாவுக்குச் சம்படம், காய்கறிக்குப் பழைய சுடிதாரில் தைத்த பை. கொரற்றி அக்கா, தட்டில்லாமல் வருகிறவனுக்கு இடியாப்பம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். “கைய நீட்டு, கையில வைக்கேன், சுட்டா எனக்குத் தெரியாது.” கொடிகளில் பிள்ளைகளின் துணிகள் மறுபடி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்தன. துவைக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே துவைத்தார்கள்.

கவர்கள் போவது நின்றது, வருவதும் நின்றது. காலையில் நாதாங்கிகள் வெறுமையாக இருந்தன. தெரு நிம்மதியாக மூச்சு விட்டது.

செலஸ்டினாவுக்கு மூச்சு முட்டியது. கவர் வராவிட்டால் அழுகை எதில் வரும்?

அவளும் துணிப் பை தைத்தாள். அவளும் ரெமிக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். ஆனால் மத்தியானம் தெரு கண்ணசரும் நேரத்தில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத கடைத்தெருவுக்கு நடந்து போய், வேண்டாத சீரகத்தையும் வேண்டாத பட்டாணியையும், “கவர்ல போட்டுத் தாங்க, இன்னொரு கவர்ல போட்டுத் தாங்க” என்று கேட்டு வாங்கினாள். அந்தக் கவர்களில் ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ஓடையில் விட்டாள். ஆமைக்குஞ்சு செத்ததை அவளும் பார்த்தவள்தான். அதை நினைத்துக்கொண்டேதான் முடிச்சுப் போட்டாள். இன்னொருத்தி பிள்ளையைக் கொன்று என் பிள்ளையை வாங்குகிறேனா? இல்லை, என் பிள்ளையுடையதைத்தானே கேட்கிறேன். இல்லை, நான்தானே தூக்கிப் போட்டேன். இல்லை, நான் போட்டது குப்பையை. எதை நினைத்தாலும் அதற்கு எதிரான இன்னொன்று ஓடிவந்து எதிரில் நின்றது.

கடல் அவளுக்கு மட்டும் பதில் அனுப்பியது. கறுப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு. மீனின் கண் ஒன்று, மீன் இல்லாமல். அவற்றை விடியும் முன் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

கொரற்றி அக்கா ஒரு மத்தியானம், வாங்கிய குழம்புக் கிண்ணத்தில் இரண்டு பணியாரம் போட்டுத் திருப்பித் தர வந்தவள், மூக்கைச் சுளித்து நின்றாள். குனிந்தாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

“நீயா?”

செலஸ்டினா கட்டிலை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“ஊரே நிறுத்தின பெறகு நீ அனுப்பிக்கிட்டு இருக்கியா? படிச்ச பிள்ளதான? கடலப் பிச்சையெடுக்க வைக்கியாளா, பாதகத்தி?”

“அக்கா, ரெமி அழ மாட்டேங்கான்.”

“அழாட்டி என்ன? நல்ல பிள்ளதான?”

“அவனத் தூக்குங்க.”

கொரற்றி அக்கா தூக்கினாள். அவள் முகம் இவ்வளவு பக்கத்தில் வந்ததில் பிள்ளை மிரண்டான். உதடு பிதுங்கியது, வாய் திறந்தது, நாக்கு நடுங்கியது, கண்ணீர் பொலபொலவென்று உருண்டு அவள் மணிக்கட்டில் சொட்டியது. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பிள்ளையின் வாய்க்குள் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் பார்த்தாள், சத்தம் எங்கேயோ கீழே விழுந்துகிடப்பது போலத் தரையைக்கூடப் பார்த்தாள்.

“எத்தன நாளா?”

செலஸ்டினா எல்லாவற்றையும் சொன்னாள். மழை, கவர், முடிச்சு, தான் சொன்ன வார்த்தை உட்பட.

“எங்கிட்ட ஏம்ளா சொல்லல?”

“எல்லாரும் நல்ல பிள்ள, நல்ல பிள்ளன்னு சொன்னிய. நான் என்னன்னு சொல்ல?”

கொரற்றி அக்கா பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். “எனக்கு ஒண்ணும் ஓடலளா” என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தந்துவிட்டு, மறதியில் பணியாரக் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் போன பிறகு செலஸ்டினா கட்டிலுக்கடியில் இருந்த கவர்களை வெளியே இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து வந்தவை. விடுதியில் வீட்டுச் சாப்பாடு வருகிற பிள்ளைகளுடைய டிபன் கேரியர்கள் சாயங்காலம் வரிசையாக வெறுமனே திரும்பிப் போகும். அவற்றைப் பார்த்து யாரும் சாவு என்றோ சண்டை என்றோ சொன்னதில்லை, பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அதைக் கடலுக்கு யார் சொல்வது? இந்தத் தெருவுக்கே அது தெரியாதே.

ரெமி கூப்பிடாததால் அவள் எப்போதும் நேரம் தவறித்தான் பால் கொடுத்தாள். மார் இரண்டும் எந்நேரமும் கனத்துக் கல்லாகக் கிடந்தன. அவனுக்குக் கொடுத்த பிறகும் கனம் குறையவில்லை. அடுப்படிக்குப் போய் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து, முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, அதில் பீய்ச்சினாள். மூடினாள். வெயில் சாயும் நேரத்தில் ஓடைப் பக்கம் போகாமல் நேராகக் கடற்கரைக்கு நடந்தாள், முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள். அங்கே நின்றபோது கேட்க வாய் வரவில்லை. பிள்ளையை இழந்தவளிடம் போய் எதைக் கேட்பது?

“பால்” என்றாள். “உங்க பிள்ளைங்களுக்கு. ஒண்ணும் போட்டுத் தர வேண்டாம். வெறுமனே தாங்க, போதும். மெதுவாத் தந்தாலும் சரி, தராட்டியும் சரி.”

அலை தூக்குவாளியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தது, விட்டது, மறுபடி பிடித்துக்கொண்டு போனது.

தூக்குவாளி விடிந்ததும் நாதாங்கியில் தொங்கியது. கோலப்பொடி போட்டுத் தேய்த்தது போல மின்னியது. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். தொம்மை பொண்டாட்டிதான் தைரியமாக மூடியைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், பின்னால் நகர்ந்தாள்.

“வெறுமனே வந்திருக்கு.”

கொரற்றி அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். வெறும் பாத்திரம், சண்டை அல்லது சாவு. எல்லோரும் செலஸ்டினாவின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்கள். செலஸ்டினா தூக்குவாளிக்குள் கையை விட்டுத் தடவினாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது, எது முதலில் வந்தது என்று பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

“பிள்ளைங்க குடிச்சிருக்குங்க” என்றாள்.

அப்போது தெருக்கோடியில் ஒரு சத்தம் கேட்டது. எந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை இல்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கவர் இல்லை, முடிச்சு இல்லை, சுமந்துவர ஆள் இல்லை. ஒன்றுக்குள்ளும் இல்லாமல், நனைந்த கால்களோடு நடப்பது போல, ஓர் அழுகை மட்டும் தொம்மை அண்ணாச்சி கடையைத் தாண்டி, இடது பக்க வீடுகளில் ஒரு நிமிடம், வலது பக்க வீடுகளில் ஒரு நிமிடம் என்று நின்று நின்று, வழி தெரியாமல் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டார்.

“இங்க இல்ல மக்கா, இன்னும் உள்ள போ” என்றார் தொம்மை அண்ணாச்சி.

“கிரேன்காரன் வீடு இந்தா இருக்கு, பச்சைக் கதவு” என்று கொரற்றி அக்கா கையைக் காட்டினாள்.

அழுகை படியேறியது. ரெமி வாயைத் திறந்தான்.

அந்த வாயிலிருந்து வந்தது முழுவதும் அவன் குரல்தானா என்று செலஸ்டினாவுக்குத் தெரியவில்லை. அவன் குரல் இவ்வளவு கரகரப்பாக இருந்ததில்லை. இடையிடையே, தண்ணீருக்கடியில் எதுவோ தன் கன்றைத் தேடுவது போல ஓர் இழுவை இருந்தது. அது அவள் பெற்றதில்லை. போனது ஒன்றும் வந்தது வேறொன்றுமா, இரண்டும் கலந்ததா, இதைத் திருப்பித் தர வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா? சொல்லித் தர ஒரு சிஸ்டரும் அங்கே இல்லை. பெர்க்மான்ஸ் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, காதைப் பொத்தப் போனவன், பொத்தாமல் அப்படியே நின்றான்.

“பிள்ளைக்குப் பசிக்குது, நின்னு கேட்டுக்கிட்டு இருக்கா பாரு” என்று கொரற்றி அக்கா கத்தினாள்.

செலஸ்டினா தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுச் சேலையை விலக்கினாள். அவன் தலை மார்பைத் தேடியது. கொடுக்கப் போனவள் ஒரு நொடி நிறுத்தினாள், இன்னும் ஒரே ஒரு தடவை அழட்டும் என்று. அவன் அழுதான்.